ரேக்ளா வண்டியும் ராத்திரி சுவிட்சும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. "இவன் எழுதலைன்னு இங்க யாரு அழுதா"ன்னு நீங்க முணுமுணுக்கிறது காதுல விழுது. பரவாயில்லை, வந்துட்டேன். இன்னைக்கு சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை, எங்க டேமேஜர் புராணமும் இல்லை. மாடிப்படியைப் பத்தி ஒரு பதிவு.

காரணம் இருக்கு. எங்க அம்முச்சி வீட்டு மாடிப்படியில ஸ்டேர்லிஃப்ட் மாட்டியிருக்கோம்னு எப்படியோ ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. டீம்ல ஒருத்தர், காலேஜ் நண்பன் ஒருத்தன், எங்க சித்தி ஒருத்தங்கன்னு வரிசையா விசாரிக்கறாங்க. எல்லார் வீட்டுலயும் வயசானவங்க இருக்காங்க, மாடி இருக்கு, முட்டி வலி இருக்கு. எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான்: "அது சேஃபா?" ஒரு வரியில பதில் சொல்ல முடியலை. அதனால மொத்தமா இங்க எழுதிடறேன்.

அதாகப்பட்டது, இதைப் பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. படிக்கட்டு ஓரமா கீழ்ப்படியிலேர்ந்து மேல்படி வரைக்கும் ஒரு ரயில் ஓடும். ரயில்னா தண்டவாளம். அதுல ஒரு நாற்காலி. உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, கைப்பிடியில இருக்கிற குட்டி லீவரைத் தள்ளிப் பிடிச்சா, நாற்காலி மெதுவா மேல போகும். இது ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவுல பென்சில்வேனியாக்காரர் சி. சி. கிறிஸ்பன் 1920-கள்லயே மோட்டார் வச்ச படிக்கட்டு நாற்காலியைச் செஞ்சு விற்க ஆரம்பிச்சுட்டார். அதுக்கும் நானூறு வருஷம் முன்னாடி, உடம்பு பெருத்துப்போன இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியை வேலைக்காரங்க கயிறு கட்டி நாற்காலியோட மாடிக்கு இழுத்தாங்கன்னு வரலாற்று ஆசிரியர் டேவிட் ஸ்டார்க்கி 2009-ல சொன்னார். ராஜாவா இருந்தாலும் முட்டி முட்டிதானே!

எங்க கதைக்கு வர்றேன். கோயம்புத்தூர்ல எங்க அப்பிச்சி 1986-ல கட்டின வீடு. கீழே ஹால், சமையல்கட்டு, சாமி ரூம். மேலே ரெண்டு படுக்கை ரூம், பாத்ரூம், ஒரு பால்கனி. நடுவுல 17 படி, பத்தாவது படி தாண்டினதும் ஒரு திருப்பம். அப்பிச்சிக்கு இப்போ 84, அம்முச்சிக்கு 79. அம்முச்சிக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. ஏற்கெனவே இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கறதால, முட்டி ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

2022 வாக்குல அவங்க மாடி ஏறின விதத்தைச் சொன்னா நம்ப மாட்டீங்க. முதல் படியில உட்காருவாங்க. ரெண்டு கையையும் அடுத்த படியில ஊன்றி, உடம்பைத் தூக்கி, பின்பக்கமா அதுல உட்காருவாங்க. இப்படி 17 தடவை. நாங்க பார்க்காத நேரமாப் பார்த்துத்தான் ஏறுவாங்க. மாமா, "கீழ ஹால்லயே ஒரு கட்டில் போட்டுரலாம்"னு சொன்னார். அதுக்கு அம்முச்சி சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "ஹால்ல படுத்தா வர்றவன் போறவன் எல்லாம் எட்டிப் பார்த்துட்டுப் போவான் கண்ணு. நான் இன்னும் அந்த அளவுக்கு ஆகலை."

வயசானவங்க விழறது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன கணக்குப்படி, உலகம் முழுக்க வருஷத்துக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கறாங்க. விபத்துச் சாவுகள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். அதனால, 'அவங்க இஷ்டப்படி ஏறட்டும்'னும் விட முடியாது. 'கீழயே கிடங்க'ன்னும் சொல்ல மனசு வரலை. அப்படித்தான் அந்த வருஷம் ஆகஸ்ட்ல நாற்காலி வந்து சேர்ந்துச்சு. அப்பிச்சி அதுக்கு வச்ச பேர் 'ரேக்ளா'. அது போற வேகத்தைப் பார்த்து வச்ச நக்கல் பேர். :-)

சரி, பாதுகாப்புக்கு வருவோம். இந்த நாற்காலியைப் பார்த்ததும் எல்லாருக்கும் வர்ற முதல் பயம், 'பிச்சுக்கிட்டுப் போயிடுமோ' என்பதுதான். 1984-ல வந்த 'கிரெம்லின்ஸ்' படத்துல ஒரு பாட்டியம்மா ஸ்டேர்லிஃப்ட்ல உட்கார, குட்டிப் பிசாசுங்க ஒயரை மாத்திவிட்டு, நாற்காலி ராக்கெட் மாதிரி கிளம்பி ஜன்னலை உடைச்சுக்கிட்டு வெளிய பறக்கும். படத்துல சிரிக்கலாம். நம்ம வீட்டுப் பாட்டியை உட்கார வைக்கும்போது அந்தக் காட்சிதான் கண்ணு முன்னாடி வந்து நிக்கும்.

பொட்டி தட்டுறவனா இருந்தாலும் மெஷின் படிச்ச பசங்க நாலு பேரைத் தெரியும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி குடைஞ்சு குடைஞ்சு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சுருக்கமாச் சொல்றேன்.

வேகம்: ஐரோப்பிய ஸ்டேர்லிஃப்ட் தரம் ஈ.என். 81-40 அனுமதிக்கிற அதிகபட்ச வேகம் வினாடிக்கு 0.15 மீட்டர். ஷாப்பிங் மால்ல எஸ்கலேட்டர் சாதாரணமா 0.5 மீட்டர்ல போகும். அதுல மூணுல ஒரு பங்குகூட இல்லை. எங்க வீட்டு 17 படியை ஏற ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகுது.

பிடிப்பு: எங்க வீட்டு ரயில்ல நீளத்துக்கும் பல்லுப் பல்லா வெட்டியிருக்கும். நாற்காலிக்கு அடியில ஒரு பல்சக்கரம் அதுல கடிச்சுக்கிட்டே ஏறும். அறுந்து விழறதுக்குக் கயிறே கிடையாது.

பிரேக்: எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கரண்ட் வந்தா பிரேக் பிடிக்கும்னு நினைச்சுடாதீங்க. ஸ்பிரிங் எப்பவும் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். கரண்ட் வந்தாத்தான் அது விடும். ஒயர் அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் தானா பிடிச்சுக்கும். ரயில் வண்டியில காத்து பிரேக்கும் இதே யோசனைதான். காத்து அழுத்தம் போனா வண்டி நிக்கும். 1854-ல நியூயார்க் பொருட்காட்சியில எலிஷா ஓட்டிஸ் தான் நின்ன மேடையோட கயிறையே வெட்டச் சொல்லி, மேடை விழாம நிக்கறதைக் காட்டினாரே, அதுவும் கிட்டத்தட்ட இதே தத்துவம்தான்.

அதிவேகத் தடுப்பு: மோட்டார், கியர் எல்லாமே கைவிட்டு நாற்காலி கீழே வழுக்க ஆரம்பிச்சா, மின்சாரத்தை நம்பாத தனி இயந்திரப் பிடி ஒண்ணு ரயிலைக் கவ்விக்கும்.

லீவர்: தள்ளிப் பிடிச்சிருந்தாத்தான் ஓடும். கையை எடுத்தா நிக்கும். மயக்கம் வந்தா கை தானா விலகும், நாற்காலியும் நிக்கும்.

இடிச்சா நிக்கிற ஓரம்: கால் வைக்கிற பலகையைச் சுத்தி அழுத்தம் உணர்ற ஓரங்கள் இருக்கும். படியில கிடக்கிற செருப்போ, பேரனோட பொம்மையோ, தூங்குற பூனையோ மோதினா உடனே நிக்கும். அதுக்கப்புறம் எதிர்ப் பக்கமா மட்டும் நகர விடும்.

திரும்புற இருக்கை: மேல போய்ச் சேர்ந்ததும் இருக்கையை மாடித் தளத்துப் பக்கமா திருப்பிப் பூட்டிட்டு இறங்கணும். அப்போ படிக்கட்டுப் பள்ளம் முதுகுக்குப் பின்னால போயிடும். இருக்கை திரும்பின நிலையில இருந்தா நாற்காலி நகராது. என்னைக் கேட்டா, மொத்தப் பயணத்துலயும் ஆபத்தான இடம் ஓடுற அந்த ஒரு நிமிஷம் இல்லை. மேல் படியில எழுந்து நிக்கிற அந்த ரெண்டு வினாடிதான். வாங்கும்போது பெரியவங்களை நேர்ல உட்கார வச்சு, அந்த லீவர் அவங்க கை பலத்துக்குத் திரும்புதான்னு பார்த்துடுங்க. மோட்டார்ல திரும்புற இருக்கையும் கிடைக்குது.

கடைசியா எல்லைச் சுவிட்ச்: ரயிலோட ரெண்டு முனையிலயும் நிறுத்தறதுக்கு ஒண்ணு, அது வேலை செய்யலைன்னா மொத்தத்தையும் துண்டிக்க இன்னொண்ணு.

இப்போ இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. கரண்ட் போனா நில்லு. மோதினா நில்லு. கை விட்டா நில்லு. வேகம் கூடினா நில்லு. இருக்கை சரியா இல்லைன்னா கிளம்பவே கிளம்பாத. எந்தச் சந்தேகத்துக்கும் அந்த மெஷின் கத்துக்கிட்ட ஒரே பதில் நிக்கறதுதான். நல்ல பதில்தான். நான் டிசைன் பண்ணியிருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன்.

ஆனா நின்னதுக்கு அப்புறம் என்ன?

2023 நவம்பர். தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். நான் பெங்களூர்ல ஒரு மீட்டிங்ல இருக்கேன், ராத்திரி எட்டு மணி. அப்பிச்சி போன். அவர் அந்த நேரத்துல கூப்பிடற ஆள் இல்லை. "கண்ணு, உங்க அம்முச்சி ஒம்பதாவது படியில நிக்கிறா. ரேக்ளா நகர மாட்டேங்குது."

ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன். அம்முச்சி குரல் தெளிவாத்தான் இருந்துச்சு, அதுதான் என்னைப் பயமுறுத்துச்சு. "எட்டுப் படிதானே கண்ணு, நான் மெல்ல இறங்கிக்கறேன்." பெல்ட்டைக் கழட்டியாச்சு. ஒரு கால் பலகையை விட்டு வெளிய வந்தாச்சு. அப்பிச்சி ரெண்டு படி கீழே நின்னு அந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். 82 வயசுக்காரர், கண்ணுல ஒரு பக்கம் பார்வை மங்கல்.

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. நாற்காலி படிக்குப் பக்கவாட்டுல பார்த்து நிக்குது. பலகை படியை விட்டு உயரமா இருக்கு. கைப்பிடிச் சுவர் எதிர்ப்பக்கம், எட்டாது. முட்டி மடங்காத ஒருத்தர் அந்த இடத்துலேர்ந்து இறங்கணும்னா, கிட்டத்தட்ட குதிக்கணும். விழுந்தா அப்பிச்சி மேலதான் விழணும். நான் 350 கிலோமீட்டர் தள்ளி, கையில ஒரு போனை வச்சுக்கிட்டு நிக்கறேன்.

"அம்முச்சி, பெல்ட்டைத் திரும்பப் போடுங்க. காலை உள்ள எடுத்துக்குங்க. அப்பிச்சி, நீங்க அந்தச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நில்லுங்க." எதிர் வீட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்க ஊர்ல வீதிக்கு ஒரு லேத் பட்டறை இருக்கும்னு சொல்வாங்க, அது சும்மா இல்லை. அண்ணன் பட்டறைக்காரர். ரெண்டு நிமிஷத்துல வந்துட்டார். நாற்காலி மாட்டின டெக்னீஷியனை இன்னொரு போன்ல பிடிச்சேன். பல மாடல்கள்ல இருக்கிற மாதிரி இதுலயும் கையால சுத்தி இறக்கற வசதி இருக்கு. மெயின் சுவிட்சை அணைச்சு, மூடியைக் கழட்டி, சக்கரத்தைப் போட்டுச் சுத்தணும். அவர் சொல்லச் சொல்ல அண்ணன் சுத்தினார். ஒன்பது படி இறங்க இருபது நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அம்முச்சி கீழே வந்து காலை ஊன்றினதும் சொன்ன முதல் வார்த்தை, "அந்தப் பையனுக்குக் காபி போடணும்."

காரணம் மறுநாள் தெரிஞ்சுது. ஸ்டேர்லிஃப்ட் நேரடியா வீட்டுக் கரண்ட்ல ஓடாது. அடியில 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, சேர்த்து 24 வோல்ட். நாற்காலி ரயிலோட முனையில போய் நிக்கும்போது அங்க இருக்கிற காண்டாக்ட் வழியா சார்ஜ் ஆகும். அதனாலதான் கரண்ட் கட் ஆனாலும் பல தடவை ஏறி இறங்கலாம். சார்ஜருக்கான சுவிட்ச் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துச்சு. தீபாவளிக்கு வெள்ளை அடிச்சப்போ ஸ்டாண்டை நகர்த்தி வேற இடத்துல வச்சுட்டாங்க. அப்பிச்சி நாப்பது வருஷமா ராத்திரி வீட்டைச் சுத்தி வந்து, எரியற எல்லாச் சிவப்பு லைட்டையும் அணைச்சுட்டுத்தான் படுப்பார். புதுசா ஒரு சிவப்பு லைட் கண்ணுல பட்டுச்சு. அணைச்சார். அவ்வளவுதான்.

சார்ஜ் ஆகலைன்னா நாற்காலி 'பீப்... பீப்...'னு கத்தும். கத்தியிருக்கு. அப்பிச்சி காதுமெஷினைக் கழட்டிட்டா இடி விழுந்தாலும் கேக்காது. அம்முச்சிக்குக் கேட்டிருக்கு. பல்லின்னு நினைச்சுட்டாங்க. அதுவும் அவங்க ஏதோ நினைக்கிறப்போ எல்லாம் கத்தினதால, நல்ல சகுனம்னு சந்தோஷம் வேற!

அப்பிச்சியைக் குறை சொல்ல மாட்டேன். அணைக்காத சுவிட்ச் வீண் செலவுங்கிறது அவர் தலைமுறையோட ஒழுக்கம். மெஷினையும் குறை சொல்ல மாட்டேன். பேட்டரி பத்தலை, நின்னுடுச்சு. தரப்புத்தகத்தை வச்சு மார்க் போட்டா நூத்துக்கு நூறு. ஆனா அந்த நூறு மார்க் நடந்துக்கிட்டு இருக்கும்போதே அம்முச்சியோட ஒரு கால் வெளிய தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

நான் இந்தப் பதிவு எழுதறதே இதுக்காகத்தான். பாதுகாப்பு வேற, நம்பகம் வேற. ஆபத்துன்னா நிக்கத் தெரியறது பாதுகாப்பு. தேவைப்படும்போது ஓடறது நம்பகம். எங்க தொழில்லயும் இதே கதைதான். பேங்க் சாஃப்ட்வேர்ல கணக்கு இடிச்சா டிரான்சாக்ஷனை நிறுத்திடுவோம், பணம் பத்திரம். வாடிக்கையாளர் திட்டிட்டு நாளைக்கு வருவார். விமானத்துல அப்படி நிறுத்த முடியாது, அதனால ஒண்ணு போனா இன்னொண்ணு ஓடற மாதிரி கட்டறாங்க. ஸ்டேர்லிஃப்ட் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஜென்மம். மெஷின் எவ்வளவு நேரம் வேணும்னாலும் நடுப்படியில நிக்கும். அதுல உட்கார்ந்திருக்கிற 79 வயசு நிக்காது. பாத்ரூம் போகணும், மாத்திரை போடணும், கூச்சமா இருக்கும், "எட்டுப் படிதானே"ன்னு தோணும். நம்பகம் கைவிட்ட இடத்துல, மனுஷங்க பாதுகாப்பையும் கழட்டிப் போட்டுடுவாங்க.

முதலாவதை ஃபாக்டரி கொடுக்கும். ரெண்டாவதுல பாதியை வீடுதான் கொடுக்கணும். பிரிட்டன்ல தூக்கு இயந்திரங்களுக்கான 1998 விதிகள்படி, வேலை செய்யற இடத்துல ஆட்களைத் தூக்கற மெஷினை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தகுதியான ஆள் முழுசாச் சோதிக்கணும். ஆனா சொந்த வீட்டுல நீங்களே வாங்கி மாட்டின ஸ்டேர்லிஃப்ட்டுக்கு அங்கயே அந்தக் கட்டாயம் கிடையாது. வீட்டுக்குள்ள வந்துட்டா அது உங்க பொறுப்பு. நாங்க அந்த ஆறு மாசக் கணக்கைக் கடன் வாங்கிக்கிட்டோம்.

நம்ம ஊருக்குன்னே சில விஷயங்கள் இருக்கு. வெளிநாட்டுக் கையேட்டுல இதெல்லாம் முழுசா இருக்காது.

சேலை. பல்லு வச்ச ரயிலும் முந்தானையும் ஆகவே ஆகாது. மோதினா நிக்கிற ஓரத்துக்கு, மோதறது கெட்டியா இருந்தாத்தான் தெரியும். துணி அதுக்குத் தெரியாது. அம்முச்சி இப்போ முந்தானையை இடுப்புல செருகி, பெல்ட்டை அதுக்கு மேல போட்டுக்கிட்டுத்தான் லீவரைத் தொடுவாங்க. பல மாடல்கள்ல பெல்ட் போடாமலே நாற்காலி ஓடும், அதனால பழக்கம்தான் காவல்.

தண்ணி. வெள்ளிக்கிழமையானா வாளி வாளியா ஊத்திப் படியைக் கழுவறது நம்ம வழக்கம். சார்ஜ் காண்டாக்ட் கீழ்ப்படிக்குப் பக்கத்துல இருக்கு. இப்போ ஈரத்துணியால துடைக்கறதோட சரி.

கல். ரயிலைச் சுவர்ல மாட்ட மாட்டாங்க, படியில கால் ஊன்றி மாட்டுவாங்க. நம்ம வீடுகள்ல படி மேல கிரானைட் பலகை ஒட்டியிருக்கும். ஆணி அந்தப் பலகையோட நின்னுடக் கூடாது, அடியில இருக்கிற கான்கிரீட்டைப் பிடிக்கணும். மாட்டும்போது கூட நின்னு பாருங்க.

வெயில். இந்த மாதிரி லெட்-ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுசு ஏறக்குறைய பாதியாக் குறையும்ங்கிறது பொதுக் கணக்கு. வீட்டுல யுபிஎஸ் வச்சிருக்கறவங்களுக்கு இது தெரியும். படிக்கட்டு ஜன்னல்ல மேற்கு வெயில் அடிச்சா ஒரு திரை போடுங்க. எங்க பேட்டரியை 2025-ல, மூணு வருஷத்துல மாத்திட்டோம், அது சாகறதுக்கு முன்னாடியே.

குழந்தைங்க. லீவுக்கு வர்ற வாண்டுகளுக்கு இது ஓசி ராட்டினம். சாவி இருக்கும். எடுத்து ஒளிச்சு வைங்க.

அந்த நவம்பருக்கு அப்புறம் நாங்க பண்ணின மாத்தங்களையும் சொல்லிடறேன். பெரிய செலவு ஒண்ணுமே இல்லை.

ஒண்ணு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தச் சுவிட்சுக்கு மூடி போட்டோம். மூடி மேல 'அணைக்கக் கூடாது'ன்னு அப்பிச்சியையே அவர் கையால எழுத வச்சோம். அடுத்தவன் எழுதினா மதிக்க மாட்டார், அவர் எழுத்தை அவர் மீற மாட்டார்.

ரெண்டு, நாற்காலிக் கைப்பிடியில ஒரு துணிப்பை. அதுல பட்டன் வச்ச பழைய போன். நடுவுல நின்னா நானோ மாமாவோ எடுப்போம். அப்பிச்சி கீழ்ப்படியில நின்னு பிடிக்க வர வேண்டாம்.

மூணு, ஒரே ஒரு சட்டம்: நின்னா இறங்கக் கூடாது. காபி வேணும்னா படியிலயே காபி வரும்.

நாலு, கையால சுத்தற சக்கரத்தைப் படிக்குப் பக்கத்து அலமாரியில, எல்லாருக்கும் தெரியற இடத்துல வச்சோம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நான் ஊருக்குப் போகும்போது, காலி நாற்காலியை ரெண்டு படி கையால சுத்திப் பார்ப்போம். அண்ணனும் வருவார், காபிக்காக. அதே நாள்ல பலகை ஓரத்தைக் கையால அழுத்தி நிக்குதான்னு பார்ப்போம். ரயிலைத் துடைப்போம். ரிமோட்டுக்குப் புது செல் போடுவோம். நாற்காலியைக் கூப்பிடற ரிமோட்ல செல் தீர்ந்து போய், 'மெஷினே போச்சு'ன்னு நினைக்கறது சகஜம்.

அஞ்சு, ஹால்ல ஒரு திவான். ஆமாம், அதே ஹால்தான். "ரேக்ளா ரிப்பேரானா மட்டும், ஒரு ராத்திரிக்கு மட்டும்"ங்கிற ஒப்பந்தத்துல அம்முச்சி ஒத்துக்கிட்டாங்க. இது ரொம்ப முக்கியம்னு நினைக்கறேன். 99 சதவீதம் நேரம் ஓடுற மெஷின்னு சொன்னாக்கூட, வருஷத்துல மூணரை நாளுக்கு மேல அது ஓடாது. அந்த மூணரை நாள் எங்க படுக்கறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணலைன்னா, அன்னைக்கு அவங்க மறுபடியும் பின்பக்கமா 17 படி ஏறுவாங்க.

வாங்கப் போறவங்க விக்கிற ஆள்கிட்ட 'சேஃபா'ன்னு கேக்காதீங்க. 'ஆமா'ன்னுதான் சொல்வார். இதெல்லாம் கேளுங்க:

- எந்தத் தரத்துப்படி செஞ்சது? ஈ.என். 81-40, ஐ.எஸ்.ஓ. 9386-2, அமெரிக்காவோட ஏ.எஸ்.எம்.இ. ஏ18.1, இதுல ஒண்ணைச் சொல்லி, காகிதத்தையும் காட்டணும்.
- நடுவுல நின்னா எப்படி இறக்கறது? எங்களுக்கு இப்பவே செஞ்சு காட்டுங்க.
- நின்னு போச்சுன்னு போன் பண்ணினா எத்தனை மணி நேரத்துல ஆள் வருவார்? எங்க ஊர்ல ஆள் இருக்காரா, வேற ஊர்லேர்ந்து பஸ் ஏறி வரணுமா?
- பேட்டரியும் சர்க்யூட் போர்டும் உள்ளூர்ல ஸ்டாக் இருக்கா, கப்பல்ல வரணுமா?
- மடக்கி வச்ச நாற்காலி எவ்வளவு இடத்தை அடைக்கும்? மத்தவங்க ஏறி இறங்க மீதி எவ்வளவு அகலம்?
- படி திரும்புதா? திரும்பினா அந்த ரயில் உங்க படிக்குன்னே வளைச்சது. விலை நேர் ரயிலை விட ரெண்டு மடங்குக்கு மேல போகலாம். வேற வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகவும் முடியாது.

ஒரு மெஷின் எத்தனை தடவை கெட்டுப் போகும்ங்கிறதை விட, கெட்டா எவ்வளவு நேரத்துல சரியாகும்ங்கிறது வீட்டுக்கு முக்கியம். நாலு வருஷத்துல ஒரே தடவை கெட்டு, பார்ட்ஸுக்காக ஆறு வாரம் நின்னா, அந்த ஆறு வாரமும் படி ஏறப் போறது உங்க பாட்டிதான்.

இது எல்லாருக்கும் சரிப்படவும் செய்யாது. உட்கார்ந்த நிலையில தானா நிமிர்ந்து இருக்க முடியாதவங்க, வலிப்பு வர்றவங்க, எங்க இருக்கோம்ங்கிறதே மறந்து போறவங்க, இவங்களுக்கு டாக்டர்கிட்ட கேக்காம மாட்டாதீங்க. முட்டி மடங்கவே மடங்காதவங்களுக்கு, பாதி நின்னமாதிரி சாஞ்சுக்கற உயரமான இருக்கை தனியா இருக்கு.

அம்முச்சி இப்பவும் மேலதான் படுக்கறாங்க. காலையில அஞ்சரைக்கு முந்தானையைச் செருகி, பெல்ட்டைப் போட்டு, ஒரு நிமிஷத்துல இறங்கி வந்து பால் காய்ச்சறாங்க. மத்தியானம் மேல போய் பால்கனியில வடகம் காயப் போடறாங்க. திவான்ல இதுவரைக்கும் ரெண்டு ராத்திரி படுத்திருக்காங்க, ரெண்டும் பேட்டரி மாத்தின சமயம். அந்த ரெண்டு ராத்திரியும் அப்பிச்சி மாடிக்குப் போகலை. பக்கத்துல ஈஸி சேரைப் போட்டுக்கிட்டு அதுலயே தூங்கியிருக்கார். கேட்டா, "மேல போய் அணைக்கறதுக்கு ஒரு சுவிட்சும் இல்லையே கண்ணு"ங்கறார்.

பி.கு: பல்லி கத்தறதுக்கும் பேட்டரி கத்தறதுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு அம்முச்சி எனக்கே கிளாஸ் எடுத்தாங்க. பல்லி நாம நினைக்கும்போது கத்துமாம். பேட்டரி நினைக்காதப்பவும் கத்துமாம். :-)